சின்ன இன்ஜினுக்கு எண்ணெய்

விமானத்தைப் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை. கல்யாணமான புதிதிலிருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் இறக்கும் வரை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நான் செய்துவந்த வேலை அது. சம்பளம் கிடையாது. ஏரியில் தண்ணீர் நிற்கும் மழைக்காலத்தில் மட்டும் விடுப்பு உண்டு.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் கைகளை விரித்தால் அதன் இறக்கை அதற்குள் அடங்கிவிடும். எடையில்லாத மரத்தில் அறுத்துச் செய்து, மேலே மெல்லிய தாள் ஒட்டி, வார்னிஷ் அடித்திருப்பார். மூக்கில் ஒரு இன்ஜின், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இடது இறக்கை முனையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் கிளம்பி, தூரத்தில் அவர் கையில் இருக்கும் மரப்பிடியில் போய் முடியும். அவர் நடுவில் நின்றுகொண்டு பிடியை மேலும் கீழும் சாய்ப்பார், விமானம் ஏறி இறங்கிக்கொண்டே அவரைச் சுற்றும். ரிமோட் எல்லாம் இல்லை. செக்கு மாடு மாதிரி இத்தனை வருஷமாய்ச் சுற்றுகிறதே, ஒரு நாளாவது நேராய்ப் போகக் கூடாதா என்று கேலி செய்வேன்.

இந்த ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். நான் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வால் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். அவர் முன்னால் வந்து விசிறியை விரலால் சுண்டுவார். சுண்டிச் சுண்டி ஒரு கட்டத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டதும் ஊரையே கூட்டுகிற மாதிரி ஒரு கத்தல். அவர் ஓட்டமும் நடையுமாக நடுவுக்குப் போய்ப் பிடியைக் கையில் எடுப்பார். ஆட்டிப் பார்ப்பார். என் கைக்குப் பக்கத்தில் வால் தகடு மேலும் கீழும் ஆடும். எல்லாம் சரி என்றால் இடது கையை உயர்த்துவார். அந்தச் சத்தத்தில் 'விடு' என்று கத்தினால் கேட்காது, அதனால் கை. கை உயர்ந்தால் நான் விட்டுவிட வேண்டும். தள்ளக் கூடாது, தயங்கக் கூடாது, விரலைத் திறந்தால் போதும்.

இன்ஜின் பிடித்ததற்கும் கை உயர்வதற்கும் நடுவில், விமானம் என் கைகளுக்குள் இருந்துகொண்டு முன்னால் இழுக்கும். கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி பாலுக்கு இழுக்குமே, அந்த இழுப்பு.

அவர் போன பிறகு எனக்கு எதெல்லாம் ஞாபகம் வரும் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாப்பாட்டு நேரத்தில் தோன்றும், பண்டிகை நாளில் தோன்றும் என்றார்கள். அதெல்லாம் அவ்வளவாக வரவில்லை. எனக்கு வந்தது அந்த இழுப்புதான். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளங்கையில் வரும். வந்து, போய்விடும். அது எனக்கு இன்னொரு தடவை வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பறக்க வேண்டாம். பறக்கவிட எனக்குத் தெரியவும் தெரியாது. இன்ஜின் ஓட வேண்டும், நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெய் தீரும் வரை விடாமல். அவ்வளவுதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பள்ளியில் நான் பேசுவதெல்லாம் "அடுத்தவங்க வாங்க", "கையெழுத்து இங்க" என்கிற வகைப் பேச்சு. வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. சில சனிக்கிழமை சாயங்காலம் பூட்டினால் திங்கட்கிழமை காலை வரை என் குரல் எனக்கே கேட்காது. மற்ற வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா எங்கள் தெருவில் கூடையை இறக்குவாள். அவளிடம் வாய்ச்சண்டை போட்டு மீன் வாங்குவதுதான் எனக்கு வாரத்தின் பெரிய பேச்சு.

பரணிலிருந்து விமானத்தை இறக்கினேன். இறக்கைத் தாளில் எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. இன்ஜின்தான் அசையவில்லை. விசிறியைச் சுற்றிப் பார்த்தேன், உள்ளே பசை போட்டு ஒட்டியதுபோல் இறுகிக் கிடந்தது. விழுப்புரத்தில் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் பைக் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க மேடம்? கீ செயின்ல மாட்டிக்கலாம்."

கோபம் வந்தது. பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இறுகியிருப்பது பழைய எண்ணெய் என்றால், அதற்குச் சூடு காட்டினால் இளகத்தானே வேண்டும்? நெய்ப் பாத்திரத்துக்குச் செய்வதில்லையா? இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி, தட்டில் இட்லிக்குப் பதிலாக இன்ஜினை உட்காரவைத்து மூடினேன். ஆவி வர வர அடுக்களை முழுக்க ஒரு கனத்த எண்ணெய் வாசனை. துணியால் பிடித்து எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சுற்றினேன். முனகிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. அன்றைக்கு அடுப்பைப் பார்த்து நான் "வந்துட்டியா" என்று வாய்விட்டுச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எண்ணெய் போகும் வழியில் ஒரு ஊசித் திருகாணி இருக்க வேண்டும், அதைக் காணோம். பரண் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஒன்று என் தையல் மெஷின் டிராயருக்குள் கிடந்தது. சாதாரணத் தையல் ஊசியில் பித்தளைத் தலை வைத்து ஈயம் பற்றவைத்தது. அவரே செய்து வைத்திருந்த உபரி. என்றைக்கோ தரையில் கண்டெடுத்து, மெஷினுடைய உடைந்த சாமான் என்று நினைத்து நானே உள்ளே போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் குழாய் காய்ந்து வெடித்திருந்தது. அது குளுக்கோஸ் ஏற்றும் டியூப் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். டியூபை மருந்துக் கடையில் வாங்கிவிட்டேன்.

எண்ணெயில்தான் மாட்டிக்கொண்டேன்.

என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவர் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கலந்து, ஒரு கறுப்பு பாட்டிலில் கொண்டுவருவார். நான் கேட்டதில்லை. சாம்பாருக்கு நான் என்ன போடுகிறேன் என்று அவர் கேட்டாரா? போனில் தேடிப் பார்த்தேன். இந்த மாதிரிச் சின்ன இன்ஜினுக்கு மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும், தலையில் ஒரு பிளக் இருக்கும், அதற்கு பேட்டரி கொடுத்துச் சூடாக்க வேண்டும் என்று போட்டிருந்தது. என் இன்ஜினின் தலையில் பிளக் இல்லை. அந்த இடத்தில் குறுக்குக் கம்பி வைத்த ஒரு திருகு இருந்தது. பிளக் தொலைந்துபோய், ஓட்டையை அடைக்கத்தான் அவர் இதை மாட்டி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆக, எனக்கு வேண்டியது ஒரு பிளக், கொஞ்சம் விளக்கெண்ணெய், கொஞ்சம் மெத்தனால்.

விளக்கெண்ணெய் நாட்டு மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைத்தது. "வயித்துக்காம்மா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். இன்ஜினுக்கும் அது வயிறுதானே.

மெத்தனாலுக்கு விழுப்புரத்தில், பள்ளி ஆய்வகங்களுக்கு மருந்துகள் விற்கும் கடைக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எந்த ஊரும்மா?"

"திண்டிவனம்."

"மரக்காணத்துப் பக்கமா?"

"திண்டிவனம்னா திண்டிவனம்."

"இதோ பாருங்க, மேல கேமரா ஓடிக்கினு இருக்குது. இந்தப் பேர்ல ஒரு சொட்டுகூட நம்ம கடையில இல்ல. எங்க கேட்டாலும் இல்லதான் சொல்வாங்க. கெளம்புங்க."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துக் கடலோரக் குப்பங்களில் ஆட்கள் செத்துப்போனது நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. அப்போது பேப்பரில் நானும் படித்தேன், நானும் உச்சுக் கொட்டினேன். ஆனால் என் தலைக்குள் அந்தச் செய்தி ஒரு அறையிலும் என் இன்ஜின் ஒரு அறையிலும் இருந்தன, நடுவில் கதவு இல்லை. எங்கள் பள்ளி கெமிஸ்ட்ரி டீச்சரிடம் கேட்டேன். அவர் பாதிச் சிரிப்பில் நின்று, "மேடம், அந்தப் பேரச் சொல்லவே இப்ப பயமா இருக்கு. நீங்க எதுக்கும் இத வேற யார்கிட்டயும் கேக்காதீங்க" என்றார். மறுநாளிலிருந்து என் மேஜைப் பக்கம் வரும்போது கொஞ்சம் வேகமாக நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன்கார அம்மா வாசலில் அரிவாள்மனையைப் போட்டு, எனக்குக் காணாங்கெளுத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், ஒரு சாமானுக்காக இரண்டு ஊரும் சுற்றிவிட்டேன், கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டேன்.

"இன்னா சாமானுக்கா? சொல்லு, எங்க பசங்க பாண்டிக்குப் போவானுங்க, எடுத்தாறச் சொல்றேன்."

"மெத்தனால்."

அவள் கை நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவள்தான். ஆனால் அந்தக் கடற்கரையில் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எல்லோருக்கும் தெரியும்.

"அத்த எதுக்கு நீ தேடிக்கினு கீற?"

"பொம்ம ஏரோப்ளேனுக்கு ஊத்த."

அவள் என்னையே பார்த்தாள். "எங்க ஊட்டுக்காரரு அத்த குடிச்சிட்டுதான் கண்ணு அவிஞ்சி ஊட்டுல குந்திக்கினு கீறாரு. பக்கத்து ஊட்டுல பொணமாத்தான் தூக்கினாங்க. உனக்குப் பொம்மைக்கு வேணுமா?"

அவள் பாதி ஆய்ந்த மீனைத் தட்டிலேயே விட்டுவிட்டு, அரிவாள்மனையைக் கழுவிக்கூட எடுக்காமல் கூடைக்குள் வைத்து, கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வருஷக்கணக்காக அவளிடம் மீன் வாங்குகிறேன். என் கணவர் இறந்தபோது அவள் மீன் கூடை இல்லாமல் வந்து, கூடத்தில் ஒரு மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவள் புருஷனுக்குக் கண் போனது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. மீதி மீனை நானே ஆய்ந்தேன், குழம்பு வைக்கப் பிடிக்கவில்லை, பூனைக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவில் அவள் குரல் கேட்கும். "மீனேய்" என்று எங்கள் தெரு முனை வரை வரும், அப்படியே திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் நீளமாகிவிட்டன. நான் அவ்வளவு தனியாக உணர்ந்தது என் கணவர் இறந்த மாதத்தில்கூட இல்லை. அப்போதாவது வீட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

மெத்தனாலை விட்டுவிட்டேன். ஆனாலும் பிளக்காவது வாங்கி மாட்டி, இன்ஜினை முழுசாக அலமாரியில் வைப்போம் என்று தோன்றியது. சென்னையில் பொம்மை விமானச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போன் போட்டேன். இப்போதெல்லாம் பேட்டரி விமானம்தான், இன்ஜினெல்லாம் யாரும் வாங்குவதில்லை என்றார் அந்த மனிதர். பிறகு ஏதோ பழைய ஞாபகம் வந்தவர்போல, இன்ஜின் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். தலையில் பிளக் தொலைந்துவிட்டது, என் வீட்டுக்காரர் ஏதோ திருகை வைத்து அடைத்து வைத்திருக்கிறார் என்றேன்.

"ஸ்டார்ட் பண்றப்ப சார் பேட்டரி கிளிப்ப எங்க மாட்டுவாரு மேடம்?"

"பேட்டரியா?"

"பேட்டரி வச்சி பிளக்க சூடு பண்ணாதான் பிடிக்கும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏரிக்கரை, என் முன்னால் விமானத்தின் முதுகு, அதற்கு அந்தப் பக்கம் அவர் முகம். விரல் சுண்டுகிறது. நிறுத்துகிறது. அந்தக் குறுக்குக் கம்பியை ஒரு பொட்டுத் திருப்புகிறது. மறுபடி சுண்டுகிறது.

"பேட்டரி எதுவும் மாட்டினதே இல்லைங்க. அந்தத் திருகைத்தான் திருப்புவாரு."

போனில் அந்த மனிதர் சிரித்தார். "மேடம், அது அடைப்பு இல்ல. அதுதான் இன்ஜினே. உங்க இன்ஜின் டீசல் மாதிரி அழுத்தத்துலயே எரியறது. பிளக்கும் வேணாம், மெத்தனாலும் வேணாம். மண்ணெண்ணெய், வெளக்கெண்ணெய், ஈதர். மூணையும் கலந்துதான் ஊத்துவாங்க. ஈதர்னா தெரியுமா? முன்னாடியெல்லாம் ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்க வைப்பாங்களே, அது. இப்பவும் தியேட்டர்ல பிளாஸ்டர் பசைய துடைக்க வச்சிருப்பாங்க. எரியற சாமான், அடுப்பாண்ட வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இல்லாத பிளக்கைத் தேடி, வேண்டாத விஷத்தைத் தேடி, இருந்த ஒரே பேச்சுத் துணையையும் விரட்டிவிட்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சல். ஆனால் எரிச்சலைவிட அந்த வார்த்தைதான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. ஈதர்.

மறுநாள் விழுப்புரத்தில் அதே ஆய்வக மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகம் மாறினார். ஈதர் என்றேன். "போன தடவ அது, இந்தத் தடவ இதுவா?" என்றார். இன்ஜினைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, யோசித்து, உள்ளே போய் ஒரு பழுப்பு பாட்டில் கொண்டுவந்தார். சரியான சாமான்தானா என்று பார்க்க மூடியைக் கொஞ்சம் திருகினேன்.

என் கணவரின் சட்டை வாசனை வந்தது.

தினமும் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவரோடு வரும் வாசனை. "மொதல்ல குளிச்சிட்டு வாங்க, ஆஸ்பத்திரி நாத்தம்" என்று விரட்டுவேன். ஏரியில் விமானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் அதே வாசனைதான் மூக்கில் ஏறும். அவர் முன்னால் குனிந்திருக்கிறார், அதனால் அவரிடமிருந்து வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வேலை கிடையாது, நான் துவைத்த சட்டையைத்தான் போட்டிருப்பார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எண்ணெயின் வாசனையை ஆளின் வாசனை என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். கடையில் நின்றுகொண்டே அழுதேன். கடைக்காரர் பயந்துபோய், "காத்தாடிக்கு நேரா நில்லுங்கம்மா, தலை சுத்தும்" என்றார். அவர் ஈதரால் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் மண்ணெண்ணெய். ஒரு காலத்தில் ரேஷன் கடையில் வரிசை கட்டி வாங்கியது. இப்போது கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது என்றார்கள். மளிகைக் கடையில் கேட்டால் சின்னப் பையன்கள் அப்படியென்றால் என்ன என்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் இன்னமும் வீட்டில் மண்ணெண்ணெய் வைத்திருப்பவர்கள் கடலுக்குப் போகிறவர்கள்தான். படகு மோட்டாருக்கு அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கடல் வீடு ஒன்றே ஒன்றுதான்.

மார்க்கெட்டுக்கு வெளியே மீன் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஈ ஓட்டினாள். நான் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன்.

"அது வேணாம்னு ஆயிடுச்சும்மா. நான் தெரியாம தேடியிருக்கேன். உன்கிட்ட அந்தப் பேச்ச எடுத்ததே தப்பு. வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? அப்படியேதான் கீறாரு. வெளிச்சம் மட்டும் மஞ்சளா தெரியுதாம்." ஈ ஓட்டும் மட்டையைக் கீழே வைத்தாள். "அத்த கேக்கவா இவ்ளோ தூரம் வந்த?"

"அதையும் கேக்கத்தான். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் வேணும்."

அவள் முகவாயில் கையை வைத்துக்கொண்டாள். "இப்ப மண்ணெண்ணெயா! உன்னோட பெரிய பேஜாரா போச்சிக்கா." ஒரு ஆள் வந்து சங்கரா விலை கேட்டார், பதில் சொன்னாள், அவர் போய்விட்டார். பிறகு சொன்னாள்: "எடுத்தாறேன். ஆனா உன் கையில குடுத்துட்டுப் போவமாட்டேன். நீ எதுல ஊத்துறன்னு நான் என் கண்ணால பாக்கணும். வேற எதுலனா ஊத்தினன்னு வச்சிக்க, அங்கியே கொட்டிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடித்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெயோடு வந்தாள். மயிலம் சாலையில், நானும் என் கணவரும் எப்போதும் போய்வந்த ஏரிக்கு ஆட்டோவில் போனோம். தண்ணீர் வற்றி, தரை வெடித்து, நடுவில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் தேய்த்த கட்டாந்தரை இருந்தது. அன்றைக்கு யாரும் இல்லை. கரை ஓரமெல்லாம் வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்தது. அவள் மிச்ச மீன் கூடையைக் கரைமேல் வைத்துவிட்டு, நான் கலப்பதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். பாட்டிலைக் குலுக்கியதும் மூக்கைச் சுருக்கினாள்.

"ஆஸ்பத்திரி வாசன வருதேக்கா."

"ஆமா" என்றேன்.

டியூப் வழியாக டாங்கியில் ஊற்றுவதையும் பார்த்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. கம்பிகளையும் பிடியையும் நான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பறக்கவிடப் போவதில்லை, பிறகு எதற்கு? ஆனால் சுண்டும்போது யாராவது பிடிக்க வேண்டும். அவளைப் பிடிக்கச் சொன்னேன். முள்ளுள்ள பெரிய மீனைப் பிடிப்பதுபோல் கைகளைத் தள்ளி வைத்துப் பிடித்தாள்.

இத்தனை வருஷத்தில் நான் விமானத்துக்கு முன்பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சுண்டினேன். ஒன்றும் இல்லை. மறுபடி, மறுபடி. விசிறி திருப்பி அடித்து விரல் வீங்கிவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டுவதைப் பார்த்து நான் சிரித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. திருகை ஒரு பொட்டு இறுக்கினேன். ஒரு வெடிப்பு, ஒரு புகை. இன்னும் ஒரு பொட்டு. அடுத்த சுண்டலில் இன்ஜின் பிடித்துக்கொண்டு கத்தியது.

"ஐயோ! அக்கா! அக்கா!" என்று அவளும் சேர்ந்து கத்தினாள். நான் ஓடிப் பின்னால் போய் வாலை வாங்கிக்கொண்டேன். எழுந்தவள், காதைப் பொத்திக்கொண்டு இடது பக்கமாய்த் தூரமாய் ஓடிப்போய் நின்றாள். நான் அங்கே அனுப்பவில்லை. சத்தத்துக்குப் பயந்து அவளாகவே போனாள். அவர் நிற்கும் இடம் அது.

இழுப்பு வந்துவிட்டது.

நான் நினைத்து வைத்திருந்ததைவிடப் பலமாக இருந்தது. முழங்கை வரை அதிர்ந்தது. முகத்தில் புகையும் எண்ணெய்த் துளியும் தெறித்தன, அவர் வாசனை. முன்பெல்லாம் இது எனக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், அதற்குள் அவர் கை உயர்ந்துவிடும். இப்போது யாரும் அவசரப்படுத்தவில்லை. டாங்கி தீரும் வரை என்னுடையது. வால் தகடு ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க மட்டும் கஷ்டமாக இருந்தது. பார்க்காமல் தலையை நிமிர்த்தினேன்.

தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கரைப் பக்கம் திரும்பி, இடது கையை நெட்டுக்குத்தாக உயர்த்தினாள்.

என் விரல்கள் திறந்துகொண்டன.

நான் திறக்கவில்லை. சத்தியமாக நான் திறக்கவில்லை. கை உயர்ந்தால் விரல் திறக்கும், அப்படிப் பழகிப்போனது. விமானம் தரையில் தடதடவென்று ஓடி, ஒரு குதி குதித்து, எழும்பியது. கம்பி இல்லை, பிடி இல்லை, சுற்றச் சொல்ல யாரும் இல்லை. நேராகப் போனது. ஏரிக்கு மேல், கரைக்கு மேல், மயிலம் குன்று தெரியும் திசையில் கத்திக்கொண்டே போய், ஒரு பக்க இறக்கை சாய்ந்து, வேலிக்காத்தானுக்குள் விழுந்தது. சத்தம் நின்றுபோனது.

அவள் ஓடி வந்தாள். "இன்னாக்கா, கெட்டியா புடிச்சிக்கினு இருந்தியே, ஏன் வுட்ட?"

"நீ கையத் தூக்கினியே."

"காக்கா மீன தூக்கிக்கினு போச்சிக்கா. அத்த ஓட்டினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். விடக்கூடாது என்றுதான் போயிருந்தேன். என்ன ஏது என்று புரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மீன் வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் அடித்தன. அப்போதுதான் கையைத் தூக்குவது என்றால் என்ன, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே தேடினோம். முள்ளுக்குள் அவள்தான் முதலில் பார்த்தாள். ஒரு இறக்கை முறிந்திருந்தது, விசிறி உடைந்திருந்தது. இன்ஜினைத் தொட்டுவிட்டு "சுடுதுக்கா" என்று விரலை உதறினாள். எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி அவள் கூடையில் போட்டுக்கொண்டோம்.

"ஒட்டிக்கலாமா இத்த?"

"ஒட்டலாம். கம்பியையும் பிடியையும் எடுத்துக்கிட்டு வரணும்."

"மண்ணெண்ணெ வேணும்னா எடுத்தாறேன். ஆனா நான் புடிக்கமாட்டேன்பா. ஒடம்பெல்லாம் ஒதறுது."

"நீ புடிக்க வேணாம்" என்றேன். "நான் புடிச்சிக்கிறேன். நீ அங்க நின்னு கையத் தூக்கு. போதும்."